கடைக்குள் அரக்கு, தெருவில் காப்பிப்பொடி

கேள்வி: மகளின் வளைகாப்புக்கு எடுத்த அரக்குக் கலர் பட்டுச்சேலைக்கு எம்.சி. ரோட்டில் ஒரு மேட்சிங் கடையில் பிளவுஸ் பிட் எடுத்தேன். சேலை மேலேயே பிட்டை விரித்து மூன்று பேர் பார்த்தோம், அச்சாக ஒரே கலர். வெட்டி வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தால் பிட் காப்பிப்பொடிக் கலரில் இருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "வெட்டின துணி வாபஸ் இல்லம்மா, நீங்க பார்த்துதானே எடுத்தீங்க" என்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். உள்ளே நீங்கள் பார்த்ததும் உண்மை, வெளியே பார்த்ததும் உண்மை. பட்டுக்கு ஒரு சாயம், பருத்திக்கு வேறு சாயம். ஒரு விளக்கின் கீழே இரண்டும் ஒரே நிறமாகத் தெரியும், விளக்கு மாறினால் பிரிந்துவிடும். கடைகளில் இப்போது இருப்பதெல்லாம் எல்.இ.டி. மலிவான வெள்ளை எல்.இ.டி.யில் ஆழ்ந்த சிவப்பு ஒளி குறைவு. அதனால் அரக்கு, மெரூன், குங்குமச் சிவப்பு, இந்த வரிசைதான் அதிகம் ஏமாற்றும். விளக்கு டப்பாவில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது 90க்கு மேல் இருந்தால் நிறங்கள் பெரும்பாலும் சரியாகத் தெரியும். துணிக்கடை வைத்திருப்பவர்கள் ட்ரையல் கண்ணாடி பக்கத்திலாவது அப்படி ஒரு விளக்கைப் போட வேண்டும் என்பது என் விருப்பம்.

விளக்கு மட்டும் காரணமில்லை. நம் கண் ஒவ்வொரு நிறத்தையும் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. பாரிஸில் கோப்லான் என்ற திரைச்சீலை நெசவாலை உண்டு. அங்கே சாயப் பிரிவுக்கு 1824இல் செவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றபோது, கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது என்று புகார் இருந்தது. சோதித்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நீலம், ஊதா நூல்களுக்குப் பக்கத்தில் நெய்யும்போது கறுப்பு மங்கிவிடுகிறது, அவ்வளவுதான். அவர் இன்னொன்றும் கவனித்தார்: வரிசையாகச் சிவப்புத் துணிகளையே காட்டினால் கடைசியில் வருவது, அதே தரமாக இருந்தும், சோபை இழந்து தெரியும். கண் சிவப்பில் களைத்துப்போவதுதான் காரணம். முகூர்த்தச் சேலை எடுக்கும் நாளில் நமக்கு நடப்பதும் இதேதான். நடுவில் ஒரு பச்சையைப் பிரித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள், அடுத்த சிவப்பு பளிச்சென்று வரும்.

கண்ணைக் குறை சொல்லவும் முடியாது. வெள்ளை வேட்டி மொட்டைமாடி வெயிலிலும் வெள்ளை, கூடத்து நிழலிலும் வெள்ளை. இரண்டு இடத்திலும் அதிலிருந்து வரும் ஒளி எத்தனையோ மடங்கு வித்தியாசம், ஆனால் கண் நிழலைக் கழித்துவிட்டுச் சொல்கிறது. 1995இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட்வர்ட் ஏடெல்சன் என்ற பேராசிரியர் ஒரு சதுரங்கப் பலகைப் படம் வரைந்தார். நிழலுக்குள் இருக்கும் 'வெள்ளை'க் கட்டமும் வெளியே இருக்கும் 'கறுப்பு'க் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல். தெரிந்த பிறகும் கண் ஒத்துக்கொள்ளாது. சுற்றியுள்ள கட்டங்களை மறைத்தால்தான் உண்மை தெரியும்.

அந்த மறைப்பைக் கடையிலும் செய்யலாம். ஒரு தாளில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு அருகருகே இரண்டு ஓட்டை போட்டு பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டையில் சேலை உடல், இன்னொன்றில் பிட், ஜரிகை உள்ளே வரக்கூடாது. ஜரிகையின் மஞ்சள் பக்கத்திலிருந்தால் எல்லாக் கணக்கும் மாறும். இதைப் பகலில், வாசலில் நின்று, கத்தரி வைப்பதற்கு முன் பாருங்கள். தலைக்கு மேல் நீலமோ சிவப்போ தார்ப்பாய் இருந்தால் இரண்டடி தள்ளி நில்லுங்கள். வாசலுக்கு எடுத்துப்போக விடாத கடையில் மேட்சிங் எடுக்காதீர்கள்.

இனி சட்டம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எழுதவில்லை என்றால், 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் உங்கள் பிட்டில் சாயம் போகவில்லை, கிழியவில்லை. நிறம் ஒத்துவராததைக் குறை என்று நிரூபிப்பது கடினம், வழக்குக்கு அலைய வேண்டாம் என்பேன். ஒருமுறை நனைத்ததும் சாயம் இறங்கினால் அது வேறு கதை. பில்லோடு போய்க் கேளுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். பில் தர மறுப்பதும் அதே சட்டத்தில் தவறுதான்.

கேள்வி: ராயபுரத்தில் சின்ன ஹால். பெயின்ட் ஷேடு கார்டில் மென்மையான இளம்பச்சை. அடித்து முடித்தால் கிளிப்பச்சை! கடைக்காரர் தப்பாகக் கலந்துவிட்டாரா?
– வாசகர், ராயபுரம்

பதில்: முதலில் டப்பாவில் ஒட்டிய சீட்டில் உள்ள ஷேடு எண்ணும் கார்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றென்றால் கடைக்காரர் மேல் தப்பில்லை. நகத்தளவு துண்டில் பார்த்த நிறம் நான்கு சுவரில் ஏறும்போது, ஒரு சுவரின் பச்சை ஒளி எதிர்ச் சுவரில் பட்டு, திரும்பி, ஒவ்வொரு முறையும் இன்னும் பச்சையாகிறது. சின்ன அறையில் இது அதிகம். அதோடு எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி கறுக்கும். கலந்த பெயின்டை யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள், அது நியாயமும்கூட. மேலே ஒரு கோட், அதே வரிசையில் ஒன்றிரண்டு படி வெளிறிய ஷேடு, போதும். இந்தமுறை கால் லிட்டருக்குள் சாம்பிள் வாங்கி, ஒரு முழுச் சார்ட் பேப்பரில் ஓரம் விடாமல் இரண்டு கோட் அடித்து, காயவிட்டு, சுவர் சுவராக மாற்றி ஒட்டி, காலையிலும் ராத்திரி டியூப்லைட்டிலும் பாருங்கள். இப்போதைய பச்சைச் சுவரிலேயே ஒரு திட்டு அடித்துப் பார்த்தால், சுற்றியுள்ள பச்சை அதை வெளிறிக் காட்டும்.

கேள்வி: காசிமேட்டில் செவுள் சிவப்பாக இருப்பதைப் பார்த்துத்தான் வஞ்சிரம் வாங்கினேன். வீட்டில் பார்த்தால் பழுப்பு.
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: மேலே சிவப்புக் குடை விரித்திருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். குடைத் துணி வழியாக வரும் வெளிச்சம் பழுப்புச் செவுளையும் சிவப்பாக்கும். ஆரஞ்சுப் பழத்தை ஆரஞ்சு வலைப்பையில் போட்டு விற்பதும் இந்த வகைதான்: வலையின் நிறம் பழத்தில் ஏறிக்கொள்ளும். மீனைக் கையில் எடுத்துத் திறந்த வெளிச்சத்துக்கு வந்து செவுளைத் தூக்கிப் பாருங்கள். அப்புறம் விரலால் சதையை அழுத்துங்கள், குழி உடனே எழும்ப வேண்டும். கண் புடைத்துத் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். கடைசியாகச் செவுளை முகர்ந்து பாருங்கள், எந்தக் குடைக்கடியிலும் வாடை மாறாது.