பைக் மேல் உள்ள ஆர்வத்தையே தொழிலாக்கி, சின்னதாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்தால் தினசரி வாழ்க்கை எப்படி இருக்கும்?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பைக் பைத்தியம் என்று சொந்தக்காரர்களிடம் பெயரெடுத்த நான் தினமும் கடைக்குப் போவது டிவிஎஸ் எக்ஸ்எல்லில். பார்சல் ஆபீசிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டியும் ஒரு சாக்கு மூட்டையும் போட்டு வர அதைவிட்டால் வேறு வண்டி கிடையாது. என்னுடைய 95 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 கடைக்குப் பின்னால் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அது ஏன் நிற்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கோயமுத்தூரில் பத்துக்குப் பதினான்கு அடியில் கடை. ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன் ஒரு பம்ப் கம்பெனியில் தர சோதனைப் பிரிவில் இருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அளவெடுக்கும் வெர்னியரும் மைக்ரோமீட்டரும்தான். ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் கரி ஸ்பீடுவேயில் ரேஸ் இருந்தால் போய் வெயிலில் நிற்பேன். அந்த இரண்டையும் சேர்த்தால் ஒரு கடை ஆகிவிடும் என்று நினைத்தது என் கணக்கு. ஆனது. ஆனால் பழைய சம்பளத்தை எட்டிப் பிடிக்கவே நாலு வருஷம் பிடித்தது.

காலை எட்டே முக்காலுக்கு ஷட்டரைத் தூக்குவேன். போணி மட்டும் காசுக்குத்தான், அது ஐந்து ரூபாய் பல்பாக இருந்தாலும் சரி. அது தெரிந்தே கடன் வாங்கும் மெக்கானிக்குகள் யாரும் முதல் ஆளாக வர மாட்டார்கள். எதிர் டீக்கடையில் நின்று, வேறு யாராவது வாங்கிக்கொண்டு போகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை நெரிசல். கிளட்ச் கேபிள், பிரேக் ஷூ, செயின் செட், கோன் செட், பிளக், ஏர் ஃபில்டர். கடை வாடகை கட்டுவது இவைதான். இதில் ரசனைக்கு ஒன்றும் வேலை இல்லை. கை தானாக அலமாரிக்குப் போகும்.

வேலை எங்கே தொடங்குகிறது என்றால், பொருளின் பெயர் தெரியாமல் ஆள் வந்து நிற்கும்போது.

"அண்ணா, பின்னாடி டிஸ்க் பேட் வேணுங்ணா."

"என்ன வண்டிங்க தம்பி?"

"பல்சர்ங்ணா."

"எந்தப் பல்சர்?"

"கருப்புங்ணா."

பல்சர் 2001இல் 150, 180 என்று இரண்டு வகையாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு எத்தனை சிசியில், எத்தனை விளக்கு மாற்றி, எத்தனை ஸ்டிக்கர் மாற்றி வந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தம்பிக்கு நிறம் மட்டும் தெரியும். வண்டியைக் கொண்டுவரச் சொன்னால் மெக்கானிக் பிரித்துப் போட்டிருப்பார். அப்போது பழைய உதிரியைக் கொண்டுவரச் சொல்வேன். தினத்தந்தியில் சுற்றிய கிரீஸ் உருண்டையாக அது வந்து மேசையில் உட்காரும்.

போன வாரம் அப்படி ஒரு வீல் பேரிங் வந்தது. எண் தேய்ந்து போயிருந்தது. துணியில் துடைத்து வெர்னியரை வைத்தேன். உள் விட்டம் 12, வெளி விட்டம் 37, தடிமன் 12, எல்லாம் மில்லிமீட்டர். அப்படியென்றால் பேரிங் எண் 6301. வண்டி பெயரே தேவையில்லை. 6203 என்றால் 17, 40, 12. 6204 என்றால் 20, 47, 14. 04இலிருந்து மேலே கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம் வந்துவிடும். உங்கள் வீட்டுச் சீலிங் ஃபேனில் சுற்றுகிற 6202கூட இதே குடும்பம்தான். இதைச் சொன்னதும் அந்தப் பையன், "அப்ப மோட்டார் ரீவைண்டிங் கடையிலயே வாங்கிக்கலாமுங்களா?" என்று கேட்டான். வீலுக்கு வாங்கலாம். இன்ஜினுக்குள் சுற்றும் கிராங்குக்கு அப்படி வாங்கிவிடக் கூடாது. அங்கே பெரும்பாலும் சி3 என்று எழுதியிருப்பதைத்தான் போட வேண்டும், அதில் குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் கூடுதல். சாதா பேரிங் சூட்டில் இறுகிவிடும். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு நிஜமாகவே ரீவைண்டிங் கடைக்குப் போய்விட்டான்.

ஆர்வக்காரன் கடை வைத்தால் வருகிற முதல் நஷ்டம் இதுதான், வாய் சும்மா இருக்காது. இரண்டாவது நஷ்டம் இதைவிடப் பெரியது. வண்டியில் என்ன தப்பு நடந்தது என்பது நமக்குத் தெரியும், ஆனால் சொல்ல முடியாது.

ஒருநாள் மதியம் ஒருவர் உடைந்த பிஸ்டனைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். ஆர்எக்ஸ் 100. எங்கள் கடையில் வாங்கிய 0.75 ஓவர்சைஸ், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போடுகிற 0.75 மில்லி பெரிய பிஸ்டன், போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "டூப்ளிகேட்டை வித்து ஏமாத்தறீங்களா?" என்று குரலை உயர்த்தினார். பக்கத்திலேயே அவருடைய மெக்கானிக், தலையை ஆட்டிக்கொண்டு. கடைக்கு முன்பிருந்தே, பன்னிரண்டு வருஷப் பழக்கம். வாரத்தில் நாலு நாள் என்னிடம் சாமான் எடுக்கிறவர்.

பிஸ்டனைக் கையில் எடுத்தேன். அதன் தலையில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் ரிங் சுற்றிக்கொள்ளாமல் இருக்க, பள்ளத்துக்குள் ஒரு குட்டி ஊசி வைத்து ரிங்கின் வாயை, அதாவது அதன் இரண்டு முனையும் சேருமிடத்தை, அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். திருப்பி மாட்டினால் அந்த வாய் சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட் ஓட்டைக்கு நேராக வரும், ஏறி இறங்கும்போது மாட்டிக்கொண்டு உடையும். இந்தப் பிஸ்டனில் ரிங் சரியாக ஊசியடியில் உடைந்திருந்தது. அதற்கு மேல் இன்னொரு சாட்சி: அம்புக்குறி பக்கத்துப் பாவாடை (பிஸ்டனின் கீழ்ச்சுவர்) பளபளவென்று இருக்க, எதிர்ப்பக்கம் புகைக் கறை ஏறியிருந்தது. கறை பிடிக்க வேண்டியது சைலன்சர் பக்கம். திருப்பி மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்த பிஸ்டனைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. ஓனர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சில சமயம் இப்படி ஆகிடுதுங்க. பாதி விலைக்கு வேற தர்றேன், போரையும் ஒருவாட்டி லேத்துல காட்டிருங்க" என்றேன். போர், அதாவது சிலிண்டரின் உள்சுவர், கீறியிருந்தது. ஒரு மில்லி ஓவர்சைஸுக்குப் போக வேண்டும், அதற்குப் பிறகு சிலிண்டருக்குள் புது உறை போடும் ஸ்லீவ்தான். அந்தப் பாதி விலை என் கையைவிட்டுப் போனது. டூப்ளிகேட் விற்கிறவன் என்கிற பெயரையும் அந்த ஓனரிடம் வாங்கிக்கொண்டேன். இதைப் படிக்கிற சிலருக்கு நான் செய்தது தப்பாகத் தெரியும். எனக்கும் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஓனர் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர். மெக்கானிக்கை அவர் முன்னால் குட்டினால் அந்த ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஒரு ஸ்குரூகூட என் கடையில் எடுக்க மாட்டார்கள்.

பத்து நாள் கழித்து அந்த மெக்கானிக்கிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் படம். சிலிண்டரில் பாதி இறங்கிய பிஸ்டன், அம்புக்குறி முன்னால் பார்த்துக்கொண்டு. கீழே ஒரு எழுத்தும் இல்லை. நான் கட்டைவிரலைப் போட்டு அனுப்பினேன். அதைப் பற்றி இதுவரை நாங்கள் பேசியதே இல்லை.

சரி, டூப்ளிகேட் என்றதால் அதையும் சொல்லிவிடுகிறேன். லோக்கல் வேறு, டூப்ளிகேட் வேறு. லோக்கல் என்பது தன் பெயரையே போட்டு மலிவாக வருவது, அதில் நல்லதும் உண்டு. டூப்ளிகேட் என்பது அடுத்தவன் பெயரில் வருவது. எடை, ஓரத்தின் பிசிறு, டப்பாவின் அச்சு, இதையெல்லாம் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். என்னையே ஏமாற்றியும் இருக்கிறார்கள். வட இந்தியாவிலிருந்து ஒரு மொத்த வியாபாரி அனுப்பிய பிரேக் ஷூ ஒரு பெட்டி, ஹாலோகிராம் முதற்கொண்டு அச்சு அசல். ஒட்டியிருந்த லைனிங் நகத்தால் சுரண்டினால் கழன்றது. பிரேக் ஆயிற்றே, திருப்பி அனுப்பக்கூட மனசு வரவில்லை, அவன் அதை வேறு யாருக்காவது விற்பான். பின்பக்கம் போட்டு எரித்தேன். நாற்றம் தாங்காமல் பக்கத்துக் கடை அக்கா சண்டைக்கு வந்துவிட்டார்.

மதியம் இரண்டிலிருந்து நாலு வரை போன் வேலை. எங்களுக்குப் பாலக்காடு கைக்கெட்டும் தூரம், அந்தப் பக்கம் ஆர்எக்ஸுக்கும் யெஸ்டிக்கும் இருக்கிற மோகம் தனி. மலையாளத்தில் வாய்ஸ் மெசேஜ், கூடவே இன்ஜின் சத்தத்தைப் பதிவு செய்து, "சேட்டா, இது என்ன சத்தம்?" ஜப்பான் கிட்டாக, அதாவது அங்கிருந்து உதிரிகளாக வந்து இங்கே பூட்டிய ஆரம்பகால ஆர்எக்ஸின் உதிரிகள் என்றால் விலையே கேட்காமல் வாங்குகிறவர்கள் உண்டு. 1985 கடைசியில் வந்து 1996இல் நின்றுபோன 98 சிசி வண்டிக்கு இன்று லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள் என்றால் உதிரிக்கு என்ன கேட்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேரளாவுக்கு அனுப்புவதில் ஒரு சங்கடம் இருக்கிறது, புதிதாகத் தொடங்குகிறவர்கள் கவனியுங்கள். சின்னக் கடைதானே என்று ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் விற்பனையில் ஒரு சதவீதம் கட்டி நிம்மதியாக இருக்கலாம். ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. பாலக்காட்டுக்கு ஒரு கிளட்ச் பிளேட் அனுப்புவதற்காக நான் முழுக் கணக்கு எழுதுகிறேன். பிஸ்டன் ஒரு எச்எஸ்என் (வரிக்கான பொருள் எண்), பேரிங் ஒன்று, செயின் ஒன்று, பிளக் ஒன்று, மற்றவை 8714. 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி 28 சதவீதம் 18 ஆனபோது கடை நிறைய பழைய விலை ஒட்டிய டப்பாக்கள். மறுநாள் காலையிலேயே ஒருவர் வந்து, "டிவியில பார்த்தேன், பத்து பர்சென்ட் கொறைங்க" என்றார். குறைத்தேன். எண்பது ரூபாய் கேபிளுக்கு.

மாலை ஆறுக்கு மேல் கடன் நோட்டு. சனிக்கிழமை கூலி கணக்கு முடித்து மெக்கானிக்குகள் வருவார்கள், பாதிப் பேர் பாதிப் பணத்தோடு. மீதியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதில் இரண்டு பேர் கணக்கு மூன்று நோட்டுகள் தாண்டிவிட்டது.

ஆர்வக்கோளாறின் உச்சம் கடையின் மேல் பரணில் இருக்கிறது. ஈரோடு பக்கம் ஒரு பழைய கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய் யெஸ்டி சாமான் மூன்று மூட்டை வாங்கி வந்தேன். மைசூரில் யெஸ்டி பைக்கைச் செய்த ஐடியல் ஜாவா கம்பெனி 1996இல் மூடியதற்கு முந்தைய சரக்கு. காகிதம்கூடப் பிரிக்கவில்லை. அதில் ஒரு கிக்கர் லீவர் இருக்கிறது. யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான், உள்ளே அமுக்கி மேலே திருப்பினால் கிக்கர், கீழே விட்டால் கியர். அதைக் கையில் வைத்து நானே ஒரு பத்து தடவை திருப்பிப் பார்த்திருப்பேன். "ஏனுங்க, இது ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்களா, பழைய இரும்புக் கடைங்களா?" என்று வீட்டில் கேட்டார்கள். அந்த மூன்று மூட்டையில் போட்ட பணம் ஆறு வருஷமாக முக்கால்வாசி அங்கேயேதான் இருக்கிறது. கேட்டு வருகிறவர்களிடம் விலையைக் கூட்டிச் சொல்கிறேன். லாபத்துக்காகச் சொல்கிறேனா, போகாமல் இருக்கட்டும் என்று சொல்கிறேனா என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை.

இப்போது என் ஆர்எக்ஸ். போன வருஷம் ஆயுத பூஜைக்குக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு கடை வாசலில் நிறுத்தினேன். பார்சல் கம்பெனிக்கும் சென்னைச் சரக்குக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிய பணம் இழுத்துக்கொண்டிருந்த சமயம். வாசலில் ஒருவர் நின்றார், குனிந்து கார்பரேட்டரைப் பார்த்தார். மேட் இன் ஜப்பான் என்று பொறித்த மிக்குனி. "இத மட்டும் குடுப்பீங்களா?" என்று ஒரு தொகை சொன்னார். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து நானே கழற்றிக் கொடுத்தேன், மாலைகூடக் கசங்கவில்லை.

அதற்குப் பதில் புதிதாக ஒன்று மாட்டினேன். ஓடுகிறது, ஆனால் ஐடிலில் அந்தப் பழைய தாளம் வரவில்லை. தவிர மாசத்துக்கு ஒருமுறைதான் எடுக்கிறேன். இப்போதைய பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால், நிறுத்தி வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, கார்பரேட்டர் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. மற்றவர்களுக்கு கார்பரேட்டர் ரிப்பேர் கிட் விற்கும்போது, "வாரம் ஒருவாட்டி எடுத்து ஓட்டுங்க, இல்லாட்டி பெட்ரோலை இறக்கிருங்க" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

இதைப் படிக்கிற யாரிடமாவது ஜப்பான் மிக்குனி ஒன்று சும்மா கிடந்தால் கமெண்டில் சொல்லுங்கள். உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடு தேயாமல் இருக்க வேண்டும். நான் ஸ்பேர் பார்ட்ஸ்காரன் என்று தெரிந்துவிட்டதால் விலையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.