சஸ்பெண்ட் செய்தால் நோட்டு ஒட்டிக்கொள்ளுமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். என் வகுப்புப் பையன் ஒருவன், சக மாணவியின் ஓவிய நோட்டைக் கிழித்துவிட்டான். மூன்று நாள் சஸ்பெண்ட் என்கிறார் தலைமை ஆசிரியர். தண்டிக்காமல் இருவரையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கும் முறை இருக்கிறதாமே? அப்படிச் செய்தால் மற்ற பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போகாதா?

பதில்: சஸ்பெண்ட் செய்தால் பையன் மூன்று நாள் வீட்டில் இருப்பான். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நோட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வரும்போது ‘இவளால்தானே’ என்ற கோபம் வேறு. எது சலுகை, சொல்லுங்கள்?

1974-ல் கனடாவின் எல்மிராவில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 பேருடைய உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். பாதிக்கப்பட்டவர்களை வீடு வீடாகப் போய்ச் சந்தித்து, நஷ்டத்தைக் கட்டச் சொன்னது நீதிமன்றம். நீங்கள் கேட்கும் முறை அங்கிருந்துதான் வளர்ந்தது. செய்த காரியத்துக்கு நேருக்கு நேர் நின்று பதில் சொல்வது லேசான விஷயமில்லை.

ஆனால், எடுத்த எடுப்பில் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துவிடாதீர்கள். முதலில் தனித்தனியாகப் பேசுங்கள். பையனிடம் “ஏன் செய்தாய்?” என்றால் சாக்குதான் வரும். “என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தாய்? யாருக்கெல்லாம் கஷ்டம்? எப்படிச் சரிசெய்யப் போகிறாய்?” என்று கேளுங்கள். அந்தப் பெண்ணிடம், “அவனோடு பேச விருப்பமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அன்பாகக்கூட வற்புறுத்தாதீர்கள். அவன் ரொம்ப நாளாகவே அவளைச் சீண்டிக்கொண்டிருப்பவன் என்றால் சந்திப்புப் பேச்சையே எடுக்காதீர்கள். அவள் பாதுகாப்புதான் முதலில்.

அவள் சம்மதித்தால், அந்த நோட்டில் என்னென்ன வரைந்திருந்தாள், எத்தனை நாள் உழைப்பு என்று அவளே சொல்லட்டும். அவன் குறுக்கே பேசாமல் கேட்கட்டும். “ஸாரி சொல்லு” என்று மட்டும் அதட்டாதீர்கள். வாயில் வரும், அவ்வளவுதான். என்ன செய்து ஈடுகட்டுவான் என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்து, தேதியோடு எழுதிவைக்கட்டும். கிழிந்த தாள்களை ஒட்டித்தருவதோ, கைக்காசில் புது நோட்டு வாங்கித்தருவதோ, எதுவாகவும் இருக்கட்டும். அந்தத் தேதியில் நீங்கள் மறக்காமல் கேட்க வேண்டும். பல பள்ளிகளில் இந்த முறை சொதப்புவது இங்கேதான் என்பது என் கணிப்பு. சொன்னதைச் செய்யவில்லையா, அப்புறம் தலைமை ஆசிரியர் வழிதான். இது தெரிந்தால் மற்ற பிள்ளைகளும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதற்காக அதிசயம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 2015 முதல் இரண்டு கல்வியாண்டுகள், 44 பள்ளிகளில் பாதியில் மட்டும் இதை நடத்திப் பார்த்தார்கள். சஸ்பென்ஷன் குறைந்தது, பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் படிப்பு சற்றுப் பின்தங்கியது. உங்கள் வகுப்பும் அதில் வருகிறது. ஆகவே பாட நேரத்தைத் தொடாமல் இதைச் செய்யுங்கள்.

ஒன்று கேட்கிறேன். பையன்மேல் உங்களுக்கே இன்னும் கோபம் தணியவில்லையா? அப்படியானால் இருவரையும் வைத்துப் பேசும் பொறுப்பை வேறொரு ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள்.