நம் ஊரில் ஒருவர் எப்போது பெரிய ஆள் ஆகிறார்?

"மேல்நாட்டில் 18 ஆனால் பெரியவர். நம்மிடம் ஏன் இதில் தெளிவே இல்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். தெளிவு இருக்கிறது, வயதைக் கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவுதான். எங்கள் கடலூர்ப் பக்கம் பெண்ணுக்கு உடம்பைப் பார்ப்பார்கள், பையனுக்குச் சம்பாத்தியத்தைப் பார்ப்பார்கள்.

சட்டத்தைக் கேட்டால் இன்னும் வேடிக்கை. ஓட்டுக்கு 1989 வரை 21, இப்போது 18. கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. மது வாங்கத் தமிழ்நாட்டில் 21, பாண்டியில் 18. கடலூரில் பஸ் ஏறி பாண்டி எல்லையான முள்ளோடை தாண்டினால் பையனுக்கு மூன்று வயசு கூடிவிடும்! (காலேஜில் எங்கள் செட்டுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே சட்டம் இதுதான்.)

என் தங்கை ஏழாவது படிக்கும்போது வயசுக்கு வந்தாள். மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டினார். தனித் தட்டு, தனி டம்ளர், காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், அப்புறம் உளுந்தங்களி. பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சீர்வரிசை, மண்டபம், பிளெக்ஸ் பேனர். சடங்குகளில் பிரித்து வைப்பது, இடைநிலையில் வைத்திருப்பது, திரும்பச் சேர்ப்பது என்று மூன்று கட்டம் உண்டு என 1909-லேயே ஆர்னால்ட் வான் கென்னெப் என்ற இனவியல் அறிஞர் எழுதினார். எங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் சேர்த்துக்கொண்ட பிறகு அவளுக்கு என்ன கிடைத்தது? சைக்கிளில் தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போவது நின்றது. எந்த முடிவிலும் அவளை யாரும் கேட்கவில்லை. ஊரைக் கூட்டி அறிவித்ததெல்லாம் 'இனி இவளைக் காவல் காக்கணும்' என்பதைத்தான்.

பையன்களுக்கு மேளமும் இல்லை, பேனரும் இல்லை. ஆனால் உரிமை வரும். மீனவக் குப்பங்களில் ஆண்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வரி கட்டுவார்கள், கட்டினால் ஊர்க் கூட்டத்தில் இடம் உண்டு. எப்போதிலிருந்து என்பது ஊருக்கு ஊர் மாறும். என்னோடு படித்த ஒருவன் பத்தாவதோடு நின்று மீன்பிடி போட்டில் வேலைக்குப் போனான். பங்குப் பணம் வந்தது, வரி கட்டினான், மீசை சரியாக முளைக்கும் முன்பே ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்தான். துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்றுக் குடும்பத்தையே நடத்திய அவன் அக்காவுக்கு அங்கே இடமில்லை. இது சின்ன விஷயமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு பல குப்பங்களில் நிவாரணம் இந்த வரிக் கணக்கை வைத்துத்தான் பிரிந்தது. ஆம்பளை இல்லாத வீட்டுப் பெண்கள் விடுபட்டதாகப் புகார்கள் வந்தன.

அறிவியலும் ஒரே தேதியைத் தராது. வளரிளம் பருவம் 10 முதல் 19 வரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதியோ இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கணக்கில் பன்னிரண்டு வயசுப் பிள்ளையைப் பெரியவள் என்பதும் தப்பு, 25 வயசுப் பெண்ணுக்கு 'இன்னும் கல்யாணம் ஆகலையே' என்று எதையும் செய்ய விடாமல் இருப்பதும் தப்பு.

போன வருஷம் என் மகளின் முறை வந்தபோது அவளையே கேட்டோம். புடவையும் போட்டோவும் வேண்டும், மண்டபமும் பேனரும் வேண்டாம் என்றாள். என் மச்சானுக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல். சீர்த்தட்டுக்கு முன்கூட்டியே ஆள் சொல்லி வைத்திருந்தார்.