தோழன், நாத்தனார், அருமைக்காரர்: கல்யாண முறைகள் பற்றிக் கேள்வி பதில்

மதுரையிலிருந்து: மாப்பிள்ளைத் தோழனாக என் கல்லூரி நண்பன் நிற்கலாமா அக்கா? பெண்ணின் தம்பிதான் நிற்க வேண்டும் என்கிறார்கள் வீட்டில்.

வீட்டில் சொல்வதுதான் வழக்கம் தம்பி. பெயர் தோழன் என்றாலும் ஆள் மச்சினன்தான். மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைத்து, கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டி வருவது அவன் உரிமை. நண்பர் பக்கத்தில் தாராளமாக நிற்கட்டும். அந்தப் பையனின் இடத்தை மட்டும் பறிக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கள் பக்கத்திலும் இதே முறைதானா?

உங்கள் பக்கம் இன்னும் தெளிவு. பெண்ணின் சகோதரன் தோழன், மாப்பிள்ளையின் சகோதரி தோழி. வாசலில் தோழன் செம்புத் தண்ணீரை ஊற்றி மாப்பிள்ளையின் காலைக் கழுவுவார். மாப்பிள்ளை அவர் விரலில் மோதிரம் போடுவார். இரண்டு வீட்டாரும் ஆளுக்கு ஒருவரை எதிர்வீட்டுக்குத் துணையாகக் கொடுக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஈரோட்டிலிருந்து: ஐயர் வருகிறார், அருமைக்காரர் எதற்கு என்கிறார்கள். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். கொங்கு வெள்ளாளர் கல்யாணத்தில் சீர்களை முன்நின்று நடத்துபவர் அவர். குழந்தை குட்டியோடு வாழ்ந்து, அதற்கென உள்ள சீரையும் செய்துகொண்டவர்தான் அருமைக்காரர் ஆக முடியும். பெண் என்றால் அருமைக்காரி. இணைச்சீரை அவர்களைப் போல யாராலும் நடத்த முடியாது. மாப்பிள்ளைக்கு இணையாக அவர் தங்கையையோ அக்காவையோ நிறுத்தி, கூறைச்சேலையால் இருவரையும் சேர்த்துச் செய்யும் சீர் அது. கல்யாணம் ஆனாலும் கூடப்பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்று ஊர் முன்னால் சொல்வதாகவே நான் அதைப் பார்க்கிறேன். ஐயரும் இருக்கட்டும், அருமைக்காரரும் இருக்கட்டும். மங்கல வாழ்த்து பாட ஆள் கிடைத்தால் அதையும் பாடச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து: இதெல்லாம் எவ்வளவு பழசு?

அகநானூறு 86ஆம் பாட்டில் மகனைப் பெற்ற பெண்கள் நால்வர் கூடி மணப்பெண்ணை நீராட்டுகிறார்கள். ஆண்டாளின் வாரணமாயிரத்தில் அண்ணன்மார் பொரி அள்ளி இடுகிறார்கள். பெண்ணின் சகோதரன் பொரியிடுவது இன்றும் நடக்கிறது.

திருச்சியிலிருந்து: தம்பிக்குக் கல்யாணம். எங்கள் அக்கா கணவரை இழந்தவர். அவர் நாத்தனார் முடிச்சு போடக் கூடாதென்று பெரியவர்கள் தடுக்கிறார்கள்.

போடட்டும் அம்மா, அவரே போடட்டும். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவது பல குடும்பங்களில் உண்டு. தம்பியோடு கூடப்பிறந்ததால் வந்த உரிமை அது. கணவர் போனால் அதுவும் போய்விடுமா? தம்பியைத் தூக்கி வளர்த்தவரைக் கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார வைப்பது பெரிய கொடுமை. பெரியவர்களிடமும் புரோகிதரிடமும் தம்பியே முன்கூட்டிப் பேசிவிடட்டும். முகூர்த்த நேரத்தில் பேச்சு எழுந்தால் மனம் நோவது அக்காவுக்குத்தான்.

நெல்லையிலிருந்து: மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. யார் முடிச்சு போடுவது?

சித்தப்பா, பெரியப்பா மகள் போடலாம். அவர்களும் நாத்தனார் முறைதான்.

தஞ்சாவூரிலிருந்து: புரோகிதரும் சடங்கும் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டால் சட்டப்படி செல்லுமா?

இந்து மணமக்களுக்குத் தமிழ்நாட்டில் செல்லும். 1967ஆம் ஆண்டுத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், தாலியும் கட்டலாம். அப்புறம் 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.