நம்பரை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள்

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என் படத்தையும் நம்பரையும் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆபாச வரியோடு வேறொரு குரூப்பில் போட்டிருக்கிறார். அதிலிருக்கும் தோழி சொல்லித்தான் தெரிந்தது. ஐந்து நாளாக ஓயாத அழைப்புகள். எங்கள் அட்மின், "போலீசுக்குப் போனால் என்னையும் இழுப்பார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு நம்பரை மாற்றுங்கள்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, அட்மின் சொன்ன இரண்டையுமே செய்யாதீர்கள். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்பதற்காகக் கொடுத்த நம்பர் அது. அதை நீங்கள் கொடுத்தது தவறே அல்ல.

பெண்ணின் மானத்துக்கு இழுக்கு உண்டாக்கும் நோக்கில் எழுதுவதும் அவள் அந்தரங்கத்தில் தலையிடுவதும் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை. அந்த வரி எவ்வளவு ஆபாசம் என்பதைப் பொறுத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவும் சேரும். அழைப்பவர்களுக்கு நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, அதாவது பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை செய்யும் குற்றம், இருக்கிறது. ஆனால் விருப்பமில்லை என்று நீங்கள் தெளிவாகச் சொன்ன பிறகும் தொடர்ந்தால்தான் அது பொருந்தும். எனவே ஒவ்வொரு நம்பருக்கும் 'இனி அழைக்காதீர்கள்' என்று ஒரே ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு, அதை அப்படியே வைத்திருங்கள். பிறகு பிளாக் செய்யலாம்.

அட்மினின் பயம் வீண். கரூர் வழக்கறிஞர்கள் குரூப் தொடர்பான வழக்கில், அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாதவரின் பெயரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்கவேண்டும் என்று 2021-லேயே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லிவிட்டது. உறுப்பினர் பட்டியலைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். அவர் செய்யவேண்டிய உதவி அதுதான்.

'என்கிரிப்ஷன் (செய்தியைப் பூட்டி அனுப்பும் முறை) இருப்பதால் போலீசால் ஒன்றும் செய்ய முடியாது' என்பார்கள். அந்தப் பூட்டு செய்தி போகும் வழிக்குத்தான். வந்து சேர்ந்த செய்தியும் போட்டவரின் நம்பரும் தோழியின் போனில் இருக்கின்றன. வெறும் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் நீதிமன்றத்தில் நிற்காது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியைப் போனுக்கு உரியவரும் மறு பகுதியை நிபுணரும் தரவேண்டும்.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே உண்டு.

ஒன்று மட்டும் இன்றிரவே நடக்கவேண்டும். அந்தக் குரூப்பில் செய்திகள் ஏழு நாளில் தானாக மறையும் வசதி போடப்பட்டிருந்தால், உங்களுக்கு இரண்டு நாள்தான் மிச்சம். தோழியின் போனில் அந்தச் செய்தியை நம்பரும் தேதியும் தெரிய, இன்னொரு போனில் வீடியோ எடுத்துவையுங்கள்.