பத்து மணிக்கு மேல் எழுத உட்காராதீர்கள்

வாசகி கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாடித்தோட்டம் பற்றி பிளாக்கரில் மூன்று வருடமாக எழுதுகிறேன். மாலை ஆறரைக்கு வீடு திரும்பினால் சமையல், எட்டாவதும் மூன்றாவதும் படிக்கிற பிள்ளைகளின் பாடம். எல்லோரும் தூங்கியபின் பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் நாலு வரிக்குள் கண் சொருகிவிடுகிறது. நடுவில் கைபேசியைத் தொட்டால் "எப்பப் பாரு போன்" என்று மகள் கோபிக்கிறாள். பாதியில் நிற்கும் பதிவுகளே நான்கு. எழுதுவதை நிறுத்தவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நிறுத்த வேண்டாம். ஒரு பதிவு என்பது ஒரே வேலை இல்லை. குறிப்பு சேர்ப்பது, எழுதுவது, பிழை திருத்துவது, படத்தோடு வலையேற்றுவது என்று நான்கு வேலை. இதில் எழுதுவதற்கு மட்டும்தான் தனிமையும் தெளிந்த மனமும் வேண்டும். நீங்கள் நான்கையும் சேர்த்து, உடம்பு ஓய்ந்துபோன பத்து மணியின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். அவற்றைப் பிரித்துப் போடுங்கள்.

குறிப்புக்கு நல்ல நேரம் நீங்கள் செடிக்குத் தண்ணீர் விடும் காலைவேளை. கைபேசியில் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, கூகுள் கீப்பில் ஒரு குறிப்பைத் திறந்து, மைக் குறியைத் தொட்டுப் பேசுங்கள். "புடலையில் மூன்றாவது கணுவுக்கு மேல் இலை சுருள்கிறது, நேற்று வேப்பெண்ணெய் தெளித்தேன்" என்கிற அளவு போதும். ஒரு சின்ன யோசனை: "சுருண்டு போச்சு, தெளிச்சேன்" என்று பேச்சுவழக்கில் சொன்னால், பேச்சை எழுத்தாக்கும் ஜிபோர்டு அதிகம் தடுமாறும். எழுதுகிற தமிழிலேயே நிதானமாகச் சொன்னால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ல, ள, ழ மாறினாலும் ஒற்று விட்டுப்போனாலும் அப்போது கண்டுகொள்ளாதீர்கள். ஒரு பதிவுக்கு ஒரே குறிப்பு. அதிலேயே நாள்தோறும் இரண்டு வரி சேர்த்து வந்தால், எழுத உட்காரும் நாளில் வெற்றுப் பக்கம் எதிரே நிற்காது. நாலு வரியில் தூக்கம் வருவதற்கு அசதி பாதிக் காரணம். எங்கே தொடங்குவது என்று தெரியாத திகைப்பு மீதிக் காரணம்.

எழுத, வாரத்தில் இரண்டு முறை முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். விடியற்காலை ஐந்தேகால் உங்களுக்கு ஒத்துவருமா, அல்லது ஞாயிறு மாலை கணவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற நேரமா என்பதை வீட்டில் எல்லோருமாகப் பேசி முடிவு செய்யுங்கள். அப்படிப் பேசுவது முக்கியம். கோபிக்கிற மகளுக்கு, அம்மா போனில் எழுதுகிறாரா, வாட்ஸ்ஆப் பார்க்கிறாரா என்று எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிவது குனிந்த தலை மட்டும்தான். அதனால் எழுதுவது மேசையில், லேப்டாப்பில், சொன்ன நேரத்தில் மட்டும் இருக்கட்டும். சொன்ன நேரம் முடிந்ததும் மூடிவிடுங்கள், வரி பாதியில் நின்றாலும் சரி. ஆறரை மணியிலிருந்து ஒன்பது வரை ஆண்ட்ராய்டின் ஃபோகஸ் மோடில் வாட்ஸ்ஆப், ஃபேஸ்புக் இரண்டையும் சேர்த்துவிட்டால் அந்த நேரத்தில் அவற்றின் அறிவிப்புகள் வராது.

செடிகளைப் படம் எடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துப் பாருங்கள். கேமரா அமைப்பில் இருப்பிடம் பதியும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் படத்துக்குள்ளேயே உங்கள் வீட்டு இடம் பதிந்திருக்கும். பிள்ளைகளின் முகமோ பள்ளிச் சீருடையோ தெரிகிற படத்தை வலையேற்றவே வேண்டாம். இதில் நான் கறாராகத்தான் சொல்வேன்.

தட்டச்சுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில் "தக்காளி" எழுத 9 எழுத்து அடிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் த, க, க, ஆ, ள, இ என்று 6 தட்டல். ககரத்தை இரண்டு முறை அடித்தால் முதலாவதன் மேல் புள்ளி தானே விழும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மொழி அமைப்பிலேயே இது இருக்கிறது. முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும். மூன்று வருடம் எழுதியவர், இன்னும் பல வருடம் எழுதப் போகிறவர். பழகிக்கொள்வது நல்லது.

திருத்தத்துக்கு மதிய உணவு இடைவேளையில் கால் மணி நேரம் போதும். நீச்சல்காரன் உருவாக்கிய இணையக் கருவிகளில் வாணி எழுத்துப்பிழையையும் நாவி சந்திப்பிழையையும் காட்டும். ஆனால் கருவி சொன்னதையெல்லாம் ஏற்காமல், ஒருமுறை வாய்க்குள் படித்துப் பாருங்கள். இதை உங்கள் கைபேசியில்தான் செய்ய வேண்டும். அலுவலகக் கணினியில் சொந்தக் கூகுள் கணக்கைத் திறக்காதீர்கள்.

வலையேற்றுவதை மாதத்தில் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்துவிடுங்கள், ஸ்கூஷ் என்கிற இலவசத் தளம் போதும். கூகுள் டாக்ஸில் எழுதியதை பிளாக்கரில் ஒட்டும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தேவையில்லாத வடிவமைப்பு கூடவே வராது. அப்புறம் பதிவின் அமைப்பில் வெளியாகும் தேதியையும் நேரத்தையும் குறித்துவிட்டால், நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போதே பதிவு வந்துவிடும். வலைப்பதிவின் நேர மண்டலம் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் காலை ஏழு மணிக்கு நினைத்தது வேறெப்போதோ வரும். மாதம் இரண்டு பதிவு போதும். தோட்டக்காரர்களுக்கு எண்ணிக்கையைவிடப் பருவம்தான் முக்கியம். ஆடிப்பட்டத்துக்கான பதிவு ஆனி நடுவிலேயே அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

முன்பு ஒருமுறை, பதிவுப் பெட்டியிலேயே நேராக அடித்துக்கொண்டிருந்தபோது இணையம் அறுந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதியது முழுவதும் போனது எனக்கு. அதிலிருந்து டாக்ஸில்தான் எழுதுகிறேன், ஆஃப்லைன் வசதியையும் போட்டு வைத்திருக்கிறேன். உங்களிடம் மூன்று வருட உழைப்பு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூகுள் டேக்அவுட்டில் பிளாக்கரைத் தேர்ந்தெடுத்து, முழுவதையும் இறக்கி ஒரு பென்டிரைவில் வையுங்கள்.

பாதியில் நிற்கும் நான்கில், அடுத்த பட்டத்தில் விதைக்கிற காய் எதுவோ அதை முதலில் எடுங்கள். மற்ற மூன்றையும் கீப்பில் தனித்தனிக் குறிப்பாக ஒட்டிவிட்டு, வரைவுப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். நாளைக் காலை தண்ணீர் விடும்போது, எடுத்துக்கொண்ட அந்த ஒரு செடியைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.