வறுமை மூன்று மடங்கானதா?

வணக்கம் ஐயா,
2016இல் நம் இலங்கையில் வறியவர்கள் 4.1 சதவீதம் என்று தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சொன்னது. 2019இல் 14.3 என்கிறது. அப்போது கொரோனாவும் இல்லை, டொலர் தட்டுப்பாடும் இல்லை. இதில் எந்தக் கணக்கு பொய்?
வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் பொய்யில்லை. கோடுதான் வேறு.

ஒருவர் ஒரு மாதம் சீவிக்க ஆகக் குறைந்தது எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்பதே வறுமைக்கோடு. 4.1க்குப் பயன்பட்டது 2002இல் போட்ட கோடு. அன்று 1423 ரூபா. விலைவாசியோடு ஏற்றி ஏற்றி 2016இல் 4166 ரூபா. விலையை மட்டும்தான் ஏற்றினார்கள். சனம் எதைச் சாப்பிடுகிறது, எதற்குச் செலவழிக்கிறது என்பதெல்லாம் 2002இலேயே நின்றுவிட்டது. (அந்தக் கோட்டுக்கு அடிப்படையான 2002 வீட்டு வரவு செலவு ஆய்வில் வடக்கும் கிழக்கும் சேரவே இல்லை.)

அப்புறம் 2012/13 ஆய்வை வைத்துப் புதுக்கோடு போட்டார்கள். 2019இல் அது 6966 ரூபா. அதே கோட்டால் 2016ஐ அளந்தால் 16 சதவீதம் வருகிறது. ஆக, வறுமை கூடவில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உண்மையில் நாம் திடுக்கிட்டிருக்க வேண்டியது 4.1ஐப் பார்த்துத்தான். 4166ஐ முப்பதால் வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 139 ரூபா. சோறு, வாடகை, பஸ் காசு, பிள்ளையின் கொப்பி, பனடோல் எல்லாம் அதற்குள். 140 ரூபா செலவழித்தவர் வறியவர் இல்லை!

கொழும்பு மாவட்டத்தின் வறுமைச் சதவீதத்தையும் இப்படித்தான் பார்க்கிறேன். 2019இல் வெறும் 2.3 சதவீதம், நாட்டிலேயே ஆகக் குறைவு. முல்லைத்தீவில் 44.5, தோட்டப்புறத்தில் 33.8. அவர்களோடு ஒப்பிட்டால் நாம் வசதிதான், சரி. ஆனால் வனாத்தமுல்லையிலும் மட்டக்குளியிலும் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் கோட்டுக்கு எவ்வளவு மேலே இருக்கிறார்கள் என்று இந்த 2.3 சொல்லாது. புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை நாலு நாள் படுத்துவிட்டால் போதும், அந்த மாதம் அவர் கீழே.

2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம், சாப்பாட்டுச் சாமான்களுக்கு 94.9. கோட்டுக்குச் சற்று மேலே நின்றவர்களுக்கு அதன் பிறகு என்ன நடந்திருக்கும்? உலக வங்கியின் மதிப்பீட்டில் நாட்டின் வறுமை 2021இல் 13.1, அடுத்த வருடமே 25. நீங்கள் பயந்த மாதிரியான பாய்ச்சல் இதுதான், இரண்டையும் ஒரே கோட்டால் அளந்திருக்கிறார்கள். அந்தக் கோடு டொலரில் போட்டது, நம் திணைக்களத்தின் கோடு அல்ல. ஆகவே இந்த 25ஐக் கொண்டுபோய் 14.3க்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்.